கன்டெய்னருக்கு மேல் ஒரு கூரை

தம்பியின் நிலத்தில் மனோரமா வீடு கட்டாமல் கன்டெய்னர் வாங்கி வைத்ததற்குக் காரணம், தம்பி மனைவி ஷோபா சொன்ன ஒரு வார்த்தைதான். அது மனோரமாவிடம் சொன்னதல்ல. அவள் காதில் விழுந்தது.

மனோரமாவுக்குக் கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. தடாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செல்போன் பாகங்களைச் சோதிக்கும் வேலை பார்த்து, வாடகை அறையிலேயே பாதி வயதைக் கழித்தவள். கண் பார்வை மங்கி வேலையை விட்டதும் தம்பி நாகபூஷணம், "இன்னாத்துக்குக்கா அங்க ஒண்டியா? தோப்புக்கு வந்துடு. ஒரு ரூம் கட்டிக்கினு எங்க கூடவே இரு" என்று கூப்பிட்டான். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ரோட்டை ஒட்டிய மாந்தோப்பு அது. அப்பா பெயரில் இருந்தது. அவர் பாகம் எதுவும் பிரிக்காமலே போய்விட்டார்.

பார்த்துவிட்டுப் போக வந்த அன்று, சமையலறையில் ஷோபா தன் கணவனிடம் மெல்லிய குரலில் பேசியது கூடத்தில் உட்கார்ந்திருந்த மனோரமாவுக்குக் கேட்டுவிட்டது.

"வதினா மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இல்லு கட்டிட்டா, அப்பால பாகம் கேட்டா இன்னா பண்ணுவீங்க? ரெண்டு பசங்க இருக்காங்க நமக்கு."

ஷோபா காளஹஸ்திக்காரி. தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவாள். வீட்டை இல்லு என்பாள், நாத்தனாரை வதினா என்றே கூப்பிடுவாள். கெட்ட மனசு கிடையாது. ஆனால் பயந்த மனசு. மனோரமாவுக்கு அது புரிந்தது. புரிந்தாலும் வலித்தது.

தடாவில் எழிலரசன் என்பவர் பழைய கப்பல் கன்டெய்னர்களை வெட்டி, ஜன்னல் கதவு வைத்து வீடாக்கித் தருவார். மனோரமா அவரிடம் போனாள். அஸ்திவாரம் வேண்டாம், நாலு மூலைக்கும் கல் வைத்தால் போதும், வேண்டாமென்றால் கிரேனில் தூக்கிவிடலாம் என்று அவர் சொன்னபோது, இதுதான் தனக்கேற்ற வீடு என்று முடிவு செய்துவிட்டாள்.

"சுவத்துக்கு உள்ள தெர்மாகோல் வெச்சு ப்ளைவுட் அடிச்சுடறேன்" என்றார் எழிலரசன். "ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு அது மட்டும் பத்தாதுக்கா. சுத்திக் கம்பம் நட்டு, மேல தனியா ஒரு ஷீட்டுக் கூரை போடணும். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவுல காத்து ஓடணும். இல்லன்னா மேல வுழுற வெயில் நேரா உள்ள எறங்கும்."

"கம்பத்துக்குக் குழி எடுக்கணுமா?"

"ஆமா. கான்கிரீட் போட்டுத்தான் நடணும்."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் மனோரமா. "பெட்டி மட்டும் போதும்."

தை மாதம் டிரெய்லரில் கன்டெய்னர் வந்து இறங்கியது. மாமரங்களுக்கு அடியில் கிரேன் நுழைய முடியாததால் ரோட்டோரத்து வெட்டவெளியில்தான் வைக்க முடிந்தது. வெளிர்நீல வண்ணம், இரண்டு ஜன்னல், ஒரு சின்ன சமையல் மேடை. தையும் மாசியும் சுகமாகவே போயின. சாயங்காலம் ஷோபா வந்து, "பொம்மை வீடு மாதிரி இருக்குது வதினா" என்று வாசற்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். மனோரமாவும் அந்த வார்த்தையை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

பங்குனியில் வெயில் ஏறியது. பத்து மணிக்கே கூரைத் தகடு டப் டப்பென்று விரியும் சத்தம் கேட்கும். பன்னிரண்டு மணிக்கு உள்ளே நிற்க முடியாது. ஃபேன் போட்டால் தோசைக்கல்லின் மேலிருந்து வருவது போல் காற்று. கூரைமேல் ஈரச் சாக்கு விரித்துப் பார்த்தாள். அது அப்பளம் போலக் காய்ந்தது. ஏ.சி. வைக்கலாமென்றால் தோப்புக்கு வரும் கரண்டில் ட்யூப்லைட்டே கண் சிமிட்டும்.

"உள்ள எப்படிக்கா இருக்குது?" என்று தம்பி கேட்டான்.

"சில்லுனு இருக்குதுடா" என்றாள்.

கம்பம் நடவேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதலில் கம்பம், அப்புறம் சுவர், அப்புறம் பாகம் என்று ஷோபாவின் நினைப்பு ஓடும். அதை அவள் முகத்தில் பார்க்க மனோரமாவுக்குத் தெம்பில்லை. மத்தியானத்தில் அவர்கள் வீட்டில் போய்ப் படுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் சாப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவாள். ஆந்திராவில் பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசில்லை, ஆதாரைக் காட்டினால் போதும். திருப்பதி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். அங்கே பஸ் ஸ்டாண்டில் ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம். வெயில் தாழ்ந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். கேட்டால், "திருப்பதியில ஒரு வேலை" என்பாள்.

சித்திரை பாதியில் ஷோபாவுக்குத் தூக்கம் போனது. திருப்பதியில் என்ன வேலை? கையில் பை எதற்கு? பக்கத்துத் தோப்பில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாக வழக்கு நடந்துகொண்டிருந்தது; அந்தத் தங்கையும் இப்படித்தான் வக்கீல் வீட்டுக்கு நடந்தாளாம். கணவனிடம் சொன்னால், "லூசு மாதிரி பேசாத" என்றான். கடைசியில் நேரிலேயே கேட்டுவிடுவது என்று ஒரு மத்தியானம் கன்டெய்னருக்கு வந்தாள். மனோரமா அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே உட்கார்ந்து, எத்தனை நேரமானாலும் காத்திருப்பது என்று நுழைந்தாள்.

கைப்பிடி சுட்டது. உள்ளே காலடி வைத்ததும் மூச்சு முட்டியது. ஃபேனைப் போட்டாள், அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். பவர்கட்டுக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தி அலமாரி விளிம்பில் வளைந்து தலைகீழாகத் தொங்கியது. குடத்துத் தண்ணீரை மொண்டு வாயில் வைத்தாள். குளிக்க வைத்த வெந்நீர் போலிருந்தது.

ஷோபா வெளியே வந்து, தூரத்து மாமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய மனோரமா அவளைப் பார்த்துத் திகைத்தாள்.

"எங்க போய்க்கினு வரீங்க வதினா, தினமும்?"

"திருப்பதியில ஒரு..."

"நான் உள்ள போய்ப் பாத்தேன்."

மனோரமா பையை மாற்றிப் பிடித்தாள். பிறகு சொன்னாள்: "பஸ்ல போறேன். அவ்வளவுதான்."

"பஸ்ல எங்க?"

"எங்கயும் இல்ல ஷோபா. திருப்பதி வரைக்கும் போய் உக்காந்துட்டு வரேன். இங்க மத்தியானத்துல இருக்க முடியல."

ஷோபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மனோரமாவுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"அய்யோ தேவுடா! நீங்க வக்கீல் கிட்ட போறீங்கன்னு நான் தூங்காம கிடக்கேன். நீங்க காத்து வாங்க பஸ்ஸுல சுத்திக்கினு இருக்கீங்களா!"

"வக்கீலா? எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மனோரமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெரியும். அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

ஷோபாவின் முகம் சுருங்கியது. புல்லைக் கிள்ளிப் போட்டாள். "கேட்டுச்சுன்னா திட்டியிருக்கலாமே வதினா. இப்படி வெந்துக்கினு, சில்லுனு இருக்குதுன்னு பொய் வேற." பிறகு கேட்டாள்: "இதுக்கு இன்னா பண்ணணும்? அந்தக் கடைக்காரரு ஒண்ணுமே சொல்லலியா?"

"சொன்னாரு. கம்பம் நட்டு மேல கூரை போடணும்னாரு. பூமியில குழி எடுக்கணும்."

"எடுக்கட்டும்."

"கான்கிரீட் போடணும் ஷோபா. அப்பால புடுங்க முடியாது."

"ஏன் புடுங்கணும்?" ஷோபா கோபமாகத் திரும்பினாள். "பயம் எனக்கு இன்னும் இருக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன். அது என் பயம், நான் பாத்துக்கறேன். அதுக்காக நீங்க வேகணுமா? நாளைக்கே அவரை வரச் சொல்லுங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே நாகபூஷணத்துக்கு எல்லாம் சொல்லப்பட்டது. ரெண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தவன், "எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று மட்டும் முனகிவிட்டு, காலையில் தானே கடப்பாரையோடு வந்து குழி எடுத்தான். கம்பம் எங்கெங்கே என்று ஷோபாதான் நின்று காட்டினாள். மேற்குப் பக்கம் வெயில் சாயும் என்று அங்கே மட்டும் கூரையை இன்னும் நீட்டச் சொன்னாள். எழிலரசன் ஆட்களோடு வந்து கம்பங்களை நிறுத்தி, கன்டெய்னருக்கு மேலே ஆள் குனிந்து போகிற இடைவெளி விட்டு, வெள்ளை ஷீட் போட்டுவிட்டுப் போனார்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மத்தியானம் நாகபூஷணம் அக்காவுக்கு போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான், எடுக்கவில்லை. வெயிலில் செருப்புகூடப் போடாமல் ஓடினான், பின்னாலேயே ஷோபாவும். கதவைத் தட்டினான். "அக்கா! அக்கா!"

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, தலை கலைந்து, மனோரமா நின்றாள்.

"இன்னாடா?"

"போன் எடுக்கல. நான் பயந்தே போயிட்டேன்."

"தூங்கிட்டேண்டா" என்றாள், தானே நம்பாதவள் போல. "இந்நேரத்துல தூங்கிட்டேன்."

ஷோபா அவளைத் தாண்டி உள்ளே போய் நடுவில் நின்றாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. அவள் பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"ஓடி வந்ததுல எனக்குக் காலெல்லாம் வலிக்குது. கொஞ்சம் தள்ளிப் படுங்க வதினா."