குரங்கை விரட்டிய சத்தம்

என் மகள் வெண்ணிலாவும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும் 'ஏழாவது வளைவு' என்று ஒரு பேண்டு வைத்திருக்கிறார்கள். கிட்டார், டிரம்ஸ், ஒரே இரைச்சல். போன மாதம் எட்டுப் பாட்டு சேர்த்து முதல் ஆல்பத்தைப் போனில் வெளியே விட்டார்கள். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்காது. அவளிடமே சொல்லிவிட்டேன். ஆனாலும் எட்டையும் உட்கார்ந்து கேட்டேன்.

மெட்ராஸில் கோகுலகிருஷ்ணன் என்று ஒருத்தன், பாட்டுக்கு விமர்சனம் எழுதுகிறவன். அவன் எழுதியதை வெண்ணிலா எனக்குப் படித்துக் காட்டினாள். நாலாவது பாட்டின் நடுவே வரும் முதியவரின் ஓலத்தில் ஜவ்வாது மலையின் ஆயிரம் வருடத் துயரம் இருக்கிறதாம். ஆல்பத்தில் உருப்படியானது அந்த அரை நிமிடம்தானாம். பாடுகிற பெண்ணுக்குக் குரலே இல்லையாம்.

அந்த முதியவர் நான். தை மாதம் எங்கள் புளியமரத்தில் குரங்குக் கூட்டம் ஏறி, பழத்தைக் கடித்துக் கடித்துத் துப்பியது. தகரத்தைத் தட்டிக்கொண்டு அதுகளின் பரம்பரையையே திட்டினேன். வெண்ணிலா அதைப் போனில் பிடித்து, சிரிப்புக்காகப் பாட்டில் சேர்த்தாள். அவ்வளவுதான் ஆயிரம் வருடம்.

"இனிமே பாடலப்பா. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறேன்" என்றாள்.

அவன் எழுதியதற்குக் கீழே இருந்த நம்பரைப் போடச் சொன்னேன். அந்த முதியவர் நான்தான் என்றேன்.

"ஐயா, நீங்களா! உங்க ஓலம் என்னைத் தூங்கவே விடலைங்க."

"ஓலமா? கொரங்க திட்டனதுய்யா அது."

"அந்தக் கோபத்துலயும் ஒரு வலி இருக்குங்க ஐயா."

"புளி போன வலி. அத்த வுடு. கடைசிப் பாட்டு இன்னா பாட்டு, சொல்லு."

"கடைசிப் பாட்டுங்களா... அது வந்து..." என்று இழுத்தான்.

"அவ அம்மாவ டோலி கட்டித் தூக்கினு மலை எறங்கனோம். பாதி வழியில உசுரு போச்சு. அத்த பாடிக்கிறா எம்பொண்ணு. நீ கேட்டியா?"

"நாலு பாட்டு வரைக்கும்தான்... நேரம் இல்லைங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு எட்டுக்கும் சேத்து எழுதன?"

மலைக்கு வந்து என்னை வீடியோ எடுக்கட்டுமா என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

"என் சத்தத்த அதுலேருந்து எடுத்துடு" என்றேன் வெண்ணிலாவிடம்.

"அதுக்குதாம்பா எல்லாரும் கேக்கறாங்க. எடுத்தா ஒருத்தனும் வரமாட்டான்."

"வராத போவட்டும். தொண்ட என்னுது."

டிரம்ஸ் அடிக்கிற விஜயராஜுக்குப் போன் போட்டாள். "டேய், நாலாவதுல எங்கப்பாவ வெட்டிடு. கத்தாதடா, மன்சன் கேஸ் போட்ருவாரு!"

வெட்டினார்கள். ஆல்பத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று கோகுலகிருஷ்ணன் மறுபடி எழுதினானாம். எழுதட்டும். காலியான அரை நிமிடத்தில் தானே பாடப்போவதாக வெண்ணிலா சொன்னாள். ஷூ கம்பெனிப் பேச்சு அதன்பிறகு இல்லை. காலையிலிருந்து வீட்டில் அதே இரைச்சல்தான்.