முதலில் ஓடிவருகிறவன்

ஜெசிந்தா தன் மகனைத் துடைப்பத்தால் அடித்த சத்தம் எங்கள் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. துணி காயப்போடும் கொடி அந்தப் பக்கம் இருக்கிறது, அன்றைக்குக் காயப்போட நிறையத் துணி இருந்தது, அவ்வளவுதான்.

அடி வாங்கியவன் தென்னரசு. பதினெட்டு வயது. ஆறடி உயரம். மாநில ஜூனியர் ஹாக்கி அணியில் தடுப்பு ஆட்டக்காரன். எதிரணி முன்கள வீரர்கள் பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிற அந்த உடம்பு, ஐந்தடிகூட இல்லாத அம்மாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"ஊரெல்லாம் சொல்லிட்டேன்டா! சர்ச்சுல கூட சொல்லிட்டேன், எம்புள்ள டிவில வருவான்னு! இப்ப வந்து காலேஜுக்குப் போறேன்றே?"

விஷயம் இதுதான். ஹாக்கி லீக்கில் ஓர் அணி அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே தொழில்முறை ஆட்டக்காரன். அதே வாரம் சென்னையில் ஒரு கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வந்து, ஆடியும் காட்ட வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் தெரு மொத்தமும் லீக் என்றது. பையன் மட்டும் கல்லூரி என்றான்.

"மூணு வருஷம் படிச்சிக்கினே ஆடறேம்மா. லீக்கு எங்கயும் ஓடிப் பூடாது."

"பூடும்டா! எல்லாம் பூடும்!"

"மண்ணாங்கட்டி அண்ணனைப் பாத்தியாம்மா?"

துடைப்பம் நின்றது.

மண்ணாங்கட்டியை எங்களுக்கெல்லாம் தெரியும். அவனையும் பதினெட்டு வயதில்தான் ஓர் அணி தூக்கிக்கொண்டு போனது. மேம்பாலம் வரைக்கும் பேனர் வைத்தோம். இரண்டாவது சீசனில் முழங்கால் போயிற்று, அணி அவனை பஸ் ஏற்றிவிட்டது. பிளஸ் டூ முடிக்காதவன். இப்போது கூட்டேரிப்பட்டில் ஹைவே ஓரத்துக் கடையில் கொத்துப் பரோட்டா போடுகிறான். அவன் கொத்துகிற வேகத்தைப் பார்த்தால், பரோட்டா அவனுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

ஜெசிந்தா மேலும் இரண்டு அடி போட்டாள். அது சும்மா மரியாதைக்கு. பிறகு துடைப்பத்தை மூலையில் வீசினாள்.

"சரி, போய்த் தொலை. சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெச்சிக்கோ."

பையன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சர்டிபிகேட் வீட்டில் இல்லை.

விழுப்புரத்தில் விருத்தாசலம் என்று ஒருவர். கம்பி, சிமெண்ட் வியாபாரம். கூடவே ஹாக்கி கிளப். கிளப்பில் சேருகிற பையன்களின் ஒரிஜினல்களை வாங்கித் தன் கடை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது அவர் வழக்கம். "உங்க வீட்ல கரையான் அரிக்கும், மழையில ஊறும். நம்மகிட்ட பத்திரமா இருக்கும்மா" என்பார். பையன்கள் வேறு கிளப்புக்கு ஓடாமலும் பத்திரமாக இருப்பார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார். எல்லா அம்மாக்களும் கும்பிட்டுக் கொடுத்தார்கள். ஜெசிந்தா போன மாதம்தான் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் மாநில அணிச் சான்றிதழோடு சேர்க்கச் சொல்லி ஃபைலில் போட்டு, மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பழத்தைப் பேரம் பேசி வாங்கியதே நான்தான்.

வெள்ளிக்கிழமை பையன் விழுப்புரம் போய் ஃபைலைக் கேட்டான். வலது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து திரும்பி வந்தான். விருத்தாசலம் லீக் அணிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"ஞாயித்துக்கெழம கிளப்புக்கு ஃபைனல் ஆடணுமாம்" என்றான். "கோப்பை அவர் மேசைக்கு வந்தா ஃபைலு என் கைக்கு வருமாம். இல்லன்னா லீக்குல கையெழுத்துப் போடணுமாம்."

"அறைஞ்சதுக்கு நீ என்னடா பண்ணே?"

"வாழைப்பழம் நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை விழுப்புரம் மைதானத்துக்கு நானும் போனேன். ஜெசிந்தாவுக்குத் துணை வேண்டாமா? அவள் கணவர் தேவசகாயம், மல்லாட்டைக் கடலை மூட்டை இறக்கிய தூசி தோளில் அப்படியே இருக்க, லாரியிலிருந்து நேராக வந்திருந்தார். மண்ணாங்கட்டியும் கடைக்கு லீவு போட்டுவிட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எதிரணி வளவனூர். அதில் வல்லரசு என்று ஒரு பையன். கரும்புத் தோட்டக்காரர் பெரியதம்பியின் ஒரே மகன். பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு அவன் சமாதானமாக வளர்வான் என்று எதிர்பார்ப்பது பெற்றவர்கள் தப்பு.

"அக்கா, அவனும் அதே காலேஜுக்குத்தான் எழுதிப்போட்டுகிறான்" என்றான் மண்ணாங்கட்டி. "வெயிட்டிங் லிஸ்ட்ல மொத பேரு. நாளைக்குத் தென்னரசு போவலன்னா அந்த சீட்டு அவனுக்கு."

அதன் பிறகு நடந்ததற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் வல்லரசின் மட்டை தென்னரசின் கணுக்காலில் விழுந்தது. பத்தாவது நிமிடத்தில் முழங்கை விலாவில் இறங்கியது. தென்னரசு பதிலுக்குத் தோளால் இடித்தான். வல்லரசு செம்மண் சரளையில் முகம் தேயச் சறுக்கிப் போனான். எழுந்தபோது மோவாயில் தோல் இல்லை. இரண்டு பேருக்கும் எச்சரிக்கையாகப் பச்சை அட்டை காட்டினார்கள். சிக்னல் பச்சை மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக மோதினார்கள். ஜெசிந்தா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, மாதாவின் காதில் விழக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஒரு கோல். மூன்றாவது பகுதியில் பந்துக்காக இரண்டு பேரும் குனிந்தபோது, வல்லரசின் மட்டை பந்தைவிட்டு நகர்ந்து தென்னரசின் வலது கையில் இறங்கியது. சுள்ளி முறிகிற சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பையன் மைதானத்து ஓரம் வந்து, இரண்டு விரலையும் நேராக இழுத்து, டேப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனான். தேவசகாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது எங்கள் பக்கத்துக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது.

"இது தென்னரசோட சாப்பாடுக்கா" என்று மண்ணாங்கட்டி எழுந்தே விட்டான். "கோல் லைன்லருந்து பந்தைத் தள்ளுவாங்க, வட்டத்துக்கு வெளிய நிறுத்துவாங்க. இவன் மட்டையில இழுத்து வீசுவான். கருங்கல்லு மாதிரி வரும். எதிர் டீமுல ஒருத்தன் அதுக்கு நேரா ஓடியாரணும். ஃபர்ஸ்ட் ரன்னர்னு பேரு. மூஞ்சிக்கு மாஸ்க் போட்டுக்கினுதான் ஓடுவாங்க."

"போடலன்னா?"

"என்னோட வந்து பரோட்டா போடணும்."

ஓடிவரப்போகிறவன் வல்லரசு. யாரோ மாஸ்க்கை நீட்டினார்கள். அவன் அதைத் தூக்கி வலைக்குப் பின்னால் எறிந்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்:

"டேய்! உங்கப்பன் மூட்டையை இறக்கி வெச்சிட்டு வந்துகிறான் பாரு! நீ காலேஜுக்குப் பூட்டா அதை யார்ரா தூக்குவா?"

தேவசகாயம் தோளில் இருந்த தூசியை மெதுவாகத் தட்டினார். அதை நான் பார்த்தேன். தென்னரசும் பார்த்தான்.

பந்து வந்தது. கோல்கீப்பர் வலது பக்கம் சாய்ந்துவிட்டான். இடது கீழ் மூலை முழுக்கக் காலி. ஹாக்கி தெரியாத எனக்கே அந்த மூலை தெரிந்தது. தென்னரசு மட்டையை இழுத்தான். பந்து மூலைக்குப் போகவில்லை. ஓடிவந்துகொண்டிருந்த வல்லரசின் வாயில் போய் விழுந்தது.

கோயிலில் சிதறுகாய் உடைக்கிற சத்தம். வல்லரசு நின்ற இடத்திலேயே முட்டி போட்டான். வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவில் ரத்தம் கொட்டியது. சரளைக் கல்லுக்கு நடுவில் வெள்ளையாக இரண்டு பல்.

நடுவர் விசில் ஊதிக் கையை எங்கள் கோல் பக்கம் காட்டினார். மண்ணாங்கட்டி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஓடியார்றவனுக்கு முட்டிக்கு மேல பட்டா டேஞ்சர் பால்க்கா! பந்து அவங்களுக்கு! பாழாப்போனவனே, மூலை காலியாத்தானடா இருந்துச்சி!"

வளவனூர் பையன்கள் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மொத்தம் நாலே தட்டு. கோல். இரண்டுக்கு ஒன்று. கோப்பை போயிற்று, கூடவே ஃபைலும்.

கடைசி விசிலுக்கும் முதல் மட்டை ஓங்கியதற்கும் இடையில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. பெரியதம்பியின் ஆட்கள் உள்ளே ஓடினார்கள். ஒருத்தன் தென்னரசின் தலையைக் குறிவைத்து மட்டையைச் சுழற்றினான். தேவசகாயம் எங்கிருந்து பாய்ந்தாரோ, நடுவில் தோளைக் கொடுத்தார். முப்பது வருஷம் மூட்டை தாங்கிய தோள். மட்டைதான் இரண்டாக உடைந்தது. அடித்தவன் கையில் இருந்த பாதியைப் பார்த்தான், மனிதரைப் பார்த்தான், ஓடிவிட்டான்.

அந்தக் களேபரத்தில் விருத்தாசலம் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனதை ஜெசிந்தா கவனித்துவிட்டாள். மகன் கீழே போட்டிருந்த மட்டையை எடுத்தாள்.

"பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க" என்று கணவரிடம் சொன்னாள். என்னைப் பார்த்து, "நீ வர்றியா வெண்ணிலாக்கா?"

என்ன கேள்வி இது.

மண்ணாங்கட்டியும் நொண்டிக்கொண்டே வந்தான். விருத்தாசலம் கடையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபைலைக் குடுங்க சார்."

"கோப்பை எங்கம்மா?"

"எம்புள்ள விரலு ரெண்டு ஒடிஞ்சிபோச்சி சார். நாளைக்குப் பத்து மணிக்கு..."

"விரலு ஒட்டிக்கும். லீக்குக்காரங்க வெயிட் பண்ணுவாங்க." மோரை வைத்தார். "மூட்டை தூக்குற வூட்ல காலேஜு கேக்குதா? புள்ளையை ஒழுங்கா வளக்கத் துப்பில்ல..."

மேசைக் கண்ணாடி வெடித்தது. மோர் அவர் சட்டையில். எழுந்து ஜெசிந்தாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். அவள் தலை காலண்டரில் மோதியது. நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. மட்டையைக் கீழ்வாக்கில் ஒரே வீச்சு, அவருடைய முழங்காலில். முட்டிக்கு மேலே போகவில்லை, சரியாக முட்டியில். மனிதர் சிமெண்ட் மூட்டைமேல் சரிந்து "அம்மா" என்றார். அந்தக் காலைப் பார்த்த மண்ணாங்கட்டியின் முகத்தில் வந்ததைப் பரிதாபம் என்று சொல்லமாட்டேன்.

பீரோ பூட்டு மட்டைக்கு மசியவில்லை. கம்பிக் கடையில் கடப்பாரைக்கா பஞ்சம்? மண்ணாங்கட்டி விலைச்சீட்டோடு ஒன்றை எடுத்து நெம்பினான். கதவு வாயைப் பிளந்தது. உள்ளே பதினான்கு ஃபைல்கள். மூன்றாவது, தென்னரசு. அதன் அடியில் இருந்ததை எடுத்துப் பெயரைப் படித்தேன். எப்போதும் மற்றவர் பெயரைப் படித்துவிடுவேன், பழக்கம்.

வல்லரசு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளப்பைவிட்டு வளவனூர் அணிக்குப் போனவன். அந்தக் கோபத்தில் விருத்தாசலம் அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் மாநிலச் சான்றிதழையும் கொடுக்கவே இல்லை. நாளைக்கு அந்த இடம் காலியாகியிருந்தாலும் அவனால் சேர்ந்திருக்க முடியாது.

ஜெசிந்தா பதினான்கையும் முந்தானையில் கட்டிக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவன் கையில் கட்டு, ஒருவன் உதட்டில் ஆறு தையல், வாய் நிறையப் பஞ்சு. நடுவில் பெரியதம்பி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஜெசிந்தா அவரைச் சட்டை செய்யாமல் ஃபைலை வல்லரசின் மடியில் எறிந்தாள்.

"இந்தா. இது இல்லாம எந்த சீட்டுக்குடா எம்புள்ள விரலை ஒடிச்சே?"

வல்லரசு பஞ்சுக்குள் ஏதோ சொல்லப் பார்த்தான். முடியவில்லை. ஃபைலைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான்.

சென்னைக்கு நான் போகவில்லை. ஜெசிந்தா போனாள், அவள் சொன்னதில் மிகையைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை ஒன்பதரைக்கே தென்னரசு கல்லூரி மைதானத்தில் நின்றான். காத்திருப்புப் பட்டியல் பையன்களையும் அழைத்திருந்தார்கள், வல்லரசும் வந்திருந்தான். கோச் முதலில் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், பிறகு தையல் போட்ட வாயை.

"ரெண்டு பேரும் பக்கத்து ஊரா? சண்டையா? மூஞ்சியைப் பார்த்து அடிக்கிறவன் எனக்கு வேண்டாம். யார் செஞ்சது, சொல்லு."

வல்லரசு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் அவனுக்கு. ஃபைல்கூடக் கையில் இருக்கிறது. ஜெசிந்தாவுக்கு அந்த நேரத்தில் மாதா பெயர்கூட மறந்துபோனதாம்.

"பீரோ கதவுல இட்ச்சிக்கினேன் சார்" என்றான் வல்லரசு.

"உனக்கு?"

"அதே பீரோதான் சார்" என்றான் தென்னரசு.

கோச் நம்பவில்லை. ஆனாலும் தென்னரசை ஒரு பெனால்டி கார்னர் அடித்துக் காட்டச் சொன்னார். ஓடிவர ஆள் கேட்டபோது வல்லரசே முன்னால் வந்தான். இந்தத் தடவை மாஸ்க்கை வாங்கித் தையல்மேல் மெதுவாக மாட்டிக்கொண்டான். பந்து வந்தது. தென்னரசு மூன்று விரலால் மட்டையைப் பிடித்து இழுத்தான். வலியில் அவன் போட்ட சத்தத்துக்கு மரத்துக் காக்காய் எல்லாம் பறந்தனவாம். பந்து தரையோடு போய் இடது கீழ் மூலையில் விழுந்தது. நேற்றுப் போயிருக்க வேண்டிய இடம்.

வல்லரசு மாஸ்க்கைக் கழற்றினான்.

"முட்டிக்குக் கீழ அடிக்கத் தெரியுது இல்ல உனுக்கு, நாயே."

இடம் தென்னரசுக்குக் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை. கட்டுப்போட்ட கையில் பேனா நழுவியது, காகிதமும் நகர்ந்தது. காகிதத்தின் மறுமுனையை வல்லரசு அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் பெயர் இன்னும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறது, முதலாவதாக.