சல்யூட்டுக்குப் போன முட்டி

இருசப்பன் சப்பாத்துக்குப் பாலிஷ் போட உட்கார்ந்ததும் கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னாள் வீரர்களுக்கான அலுவலகத்தில் அன்றைக்கு அவரை நேரில் பார்த்து, புதுப் பொய்க்கால் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணப்போகிறார்கள். இந்த மனுஷன் என்னவோ அணிவகுப்புக்குப் போகிறவர் மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

இளவயதில், எல்லைக் காட்டில், கண்ணிவெடி அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. இப்போது மாட்டியிருக்கும் பொய்க்கால் தளர்ந்து, வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் தோலை உரித்தது. போதாக்குறைக்கு இனிப்பு நீர் வியாதி வேறு. "புண் மேலே ஏறினா முட்டியையும் எடுக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொந்தக் காசில் கால் வாங்க அவர்களால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது.

"ஏங்க, அந்தக் கைத்தடிய எடுத்துக்கிட்டு வாங்க."

"ஆபிசர் முன்னாடி நொண்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? நான் பட்டாளத்துல இருந்தவன்லா."

"நடிக்கவா சொன்னேன்? வீட்டுல எப்படி நடக்கறீங்களோ, அப்படியே நடங்கன்னுதான் சொல்றேன்."

வீட்டில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவார். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் பட்டாளத் தொப்பியை எடுத்துச் சரிபார்த்தார். கைத்தடி கதவோரமே கிடந்தது.

பக்கத்து வீட்டுத் தனபாலன் தன் காரில் புக்கிட் ரோத்தானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் விட்டான். அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். இருசப்பன் நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார். இடது, வலது, இடது, வலது. குதிகாலை டக்கென்று சேர்த்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அவருடைய தாடை இறுகுவதைப் பின்னால் உட்கார்ந்திருந்த கலாவதி பார்த்தாள்.

நடுவிலிருந்த அதிகாரி எழுந்தே விட்டார். "இந்த வயசுல என்ன மிடுக்கு பாருங்க!" என்று மலாயில் மெச்சினார். "கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, துவான்!"

பாவி மனுஷா! அதிகாரி கேட்டால் குறை சொல்லக்கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தானே, அது எந்தக் காலம்!

"துவான், அவருக்குப் புண்ணு..." என்று கலாவதி எழுந்தாள். இருசப்பன் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

"மாக்சிக், நல்லாத்தானே நடக்கிறார்" என்று அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்தார். புதுக் கால் தேவையில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

காரில் ஏறிப் பொய்க்காலைக் கழற்றியதும் உள்ளே மாட்டியிருந்த துணியுறை முழுக்க ரத்தம். கலாவதி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று திரும்ப மேலே ஏறினாள். முகப்பிலிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதிகாரிகள் சாப்பிடப் போய்விட்டார்கள், வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம் என்றாள். சாப்பிடட்டும், நன்றாகச் சாப்பிடட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

மேல்முறையீட்டுக்குக் கூப்பிட மாதக்கணக்கில் ஆனது. புண் அதுவரை பொறுக்கவில்லை. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதே அறை. அதே அதிகாரி. இந்த முறை கலாவதி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். அப்போதும் தலையில் தொப்பி.

"அன்னைக்கு நல்லா நடந்தீங்களே?" அதிகாரிக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "வலி இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

இருசப்பன் தொண்டையைச் செருமினார். "வலிச்சிச்சி, துவான். இப்பவும் வலிக்குது." இத்தனை வருடத்தில் கலாவதியிடம்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார். இந்த மேல்முறையீடு முட்டிக்குக் கீழே மாட்டுகிற காலுக்கு உரியதாம். முட்டிக்கு மேலே என்றால் அது வேறு வகையாம். முதலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம்.

"சரி, துவான்" என்றார் இருசப்பன். முதுகு தானாக நிமிர்ந்தது. கை தொப்பியை நோக்கி எழுந்தது.

கலாவதி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். அழுத்தி அவர் மடியில் வைத்தாள்.

"போதும், இறக்குங்க" என்றாள், அதிகாரிக்கும் கேட்கும்படி. "நீங்க வெச்ச சல்யூட்டுக்குத்தான் முட்டியும் போச்சு."