லொபுச்சேயிலிருந்து வந்த அழைப்பு

நேபாளத்துக்குப் போய் எவரெஸ்ட் அடிவார முகாம் வரைக்கும் நடக்க வேண்டும் என்ற ஆசை முதலில் தினேஸுக்குத்தான் வந்தது. இலங்கையில் எல்ல என்ற மலையூரில் வெள்ளைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போவது அவன் வேலை. அங்கேயே ஒரு ஹோட்டல் சமையலறையில் நிமலன் இருந்தான். இருவரும் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மதுசூதனன், யாழ்ப்பாணத்துக்காரர், ஒருமுறை தினேஸோடு மலையேறப் போய் அந்த ஆசையைத் தானும் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் பயிற்சிக்காக முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு நமுனுகுலை மலை ஏறினார்கள். நேபாளத்தில் எந்த ஊரில் தூங்குவது, எங்கே நிற்பது என்று எல்லாவற்றையும் தினேஸ்தான் தீர்மானித்தான். மேலே போகப்போகக் காற்று மெலியும். உடம்பு அதற்குப் பழக வேண்டுமென்றால் இடையிடையே ஒரே ஊரில் ஒருநாள் கூடுதலாகத் தங்கத்தான் வேண்டும். இதை அவன் சொல்லிச் சொல்லி நிமலனுக்குச் சலித்துப் போயிருந்தது.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது நமுனுகுலைப் பாதையில் தினேஸ் மயங்கி விழுந்தான். பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் பண்ணிய டொக்டர் இருதய வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்.

"நேபாளம் மட்டுமில்ல, இங்க உள்ள மலையும் ஏறக் கூடாது. ஒப்பரேஷனுக்குப் பதிஞ்சு வைக்கிறேன்."

நிமலன் பயணமே வேண்டாம் என்றான். "நீ இல்லாம எப்படிடா?"

தினேஸ்தான் விடவில்லை. நிமலனின் மனைவி தனுஜாவுக்கும் இதில் விருப்பமில்லை. கைக்குழந்தையோடு தன்னந்தனியாக இருக்க வேண்டும். அவளிடமும் தினேஸே போய்ப் பேசினான். "பயப்பட ஒன்னும் இல்ல தங்கச்சி. நாம போட்ட திட்டப்படி நடந்தா ஒன்னும் ஆகாது." அவள் அவனை நம்பித்தான் சரி என்றாள்.

நிமலனும் மதுசூதனனும் புறப்பட்டார்கள். முதல் நாட்களில் படங்கள் வந்தன. தொங்குபாலத்தில் நிமலன், பனிமலைக்கு முன்னால் நிமலன், ஒரு கடைக்காரியின் சமையலறையில் ரொட்டி தட்டும் நிமலன். தினேஸ் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தான். சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் எரியவும் செய்தது.

திட்டப்படி டிங்போச்சே என்ற ஊரில் அவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்க வேண்டும். அன்று காலை நிமலனின் குரல்பதிவு வந்தது. "டேய், உடம்பு சும்மா பறக்குது. நாளைக்குப் பனி கொட்டுமாம். அதனால நிக்காம மேல போறோம்."

தினேஸ் உடனே எழுதினான்: போகாதே, நில்லு. செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. போன் எடுத்தான், போகவில்லை. மதுசூதனனுக்கும் போகவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் சிக்னல் நன்றாக இருக்கும் என்று அங்கே ஓடப் பார்த்தான். பாதி வழியில் மூச்சு முட்டியது. கல்லில் உட்கார்ந்து அந்த ஒற்றை அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் பின்னேரம் தினேஸ் மடுவத்துப் பக்கம் காத்திருந்தபோது மதுசூதனன் அழைத்தார். காற்று இரைச்சலில் குரல் வந்து வந்து போனது.

"தினேஸ், நாங்கள் லொபுச்சேயில நிக்கிறம். நிமலனுக்குச் சரியில்லை. குடிச்சவன் மாதிரித் தள்ளாடுறான். என்னை ஆரெண்டு கேக்கிறான்."

"சேர், அது மூளையில நீர் கோக்கிறது. இப்பவே கீழ எறக்குங்க. பெரிச்சேயில மருத்துவ நிலையம் இருக்கு."

"எங்களோட வந்த கைட் விடியப் போவம் எண்டுறான். வெளியில பனி கொட்டுது. பாதை தெரியேல்லை."

"விடியிற வரைக்கும் வைக்காதீங்க சேர். தூக்கிட்டாவது போங்க. பையில மாத்திரை இருக்கு, வெள்ளைப் பெட்டி, அதுல ரெண்டு குடுங்க."

"எந்தப் பெட்டி? அவன்ர பைக்குள்ளயோ? நீர் கொஞ்சம் விளக்கமாச் சொல்லும்..."

இணைப்பு அறுந்தது. தினேஸ் திரும்பத் திரும்ப எடுத்தான். மறுமுனையில் ஒரு பெண் குரல் அவனுக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

நிமிர்ந்தபோது தனுஜா நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அண்ணே, அவருக்கு என்ன?"

"கொஞ்சம் தலைவலியாம்."

"தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னீங்களே."

அவனால் பொய்யைத் தொடர முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. "நீங்க சொன்னா கேப்பாங்கதானே? இன்னொருக்கா எடுத்துச் சொல்லுங்கண்ணே," என்றாள். அவன் எடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடித்துவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். போன் சூடேறிக் கையில் அணைந்தது.

மறுநாள் மத்தியானம்தான் செய்தி வந்தது. அன்றிரவு அவர்கள் இறங்கவில்லை. விடியும்போது நிமலனுக்கு நினைவு தப்பியிருந்தது. பனி விட்டதும் ஹெலிகொப்டரில் காத்மண்டுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருக்கிறது என்று மதுசூதனன் சொன்னார்.

தினேஸ் தனுஜாவிடம் ஓடவில்லை, நடந்துதான் போனான். கேட்டதும் அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அவன் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டான்.

நிமலன் திரும்பி வந்தபோது இருபக்கமும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கால் நேராக விழவில்லை. காலம் போகச் சரியாகலாம், சரியாகாமலும் போகலாம் என்று பதுளையில் சொன்னார்கள். ஹோட்டலில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மதுசூதனன் ஒருதரம் பழக்கூடையோடு வந்து, வாசலில் தனுஜாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் போனார்.

தினேஸ் தினமும் போய் நிமலனைக் கைபிடித்து லயத்து வாசலில் நடக்க வைத்தான். தினேஸுக்கு ஒப்பரேஷன் நாள் இன்னும் வரவில்லை. ஒருவன் தள்ளாடினால் மற்றவனுக்கு மூச்சு வாங்கியது. அடிக்கடி உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நிமலன் கேட்டான். பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வந்தது.

"டேய், நான் எதுவரைக்கும் ஏறுனேன்?"

"லொபுச்சே வரைக்கும்."

"ஒன்னுமே ஞாபகம் இல்லடா. டிங்போச்சேயில டீ குடிச்சது தெரியுது. அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிக் கூரைதான்." தினேஸின் பக்கம் திரும்பினான். "அங்க எப்படி இருந்துச்சு?"

தினேஸ் ஏதாவது சொல்லப் பார்த்தான். எத்தனையோ படங்களில் பார்த்த இடம்.

"தெரியலடா," என்றான். "எந்திரி. தனுஜா சோறு போட்டுட்டா."

நிமலன் கையை நீட்டினான். தினேஸ் அதைப் பிடித்து இழுத்தான். முதல்தடவை எழுப்ப முடியவில்லை.