பக்கம் நகரக் கூடாது

மாமனாருக்கு நாடகத்தில் அப்பா வேடம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், வேடம் கிடைத்ததும் தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். அதைப் பார்த்து மருமகளுக்கு வயிறு குளிர்ந்தது. இப்போது அந்த வேடத்துக்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தார் இயக்குநர். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் வசனம் தடுமாறினால் வேடம் மருந்துக்கடைக்காரருக்குப் போய்விடும். அவர் ஏற்கெனவே முழு நாடகத்தையும் கரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

நாடகம் மின்நூலாகத்தான் வந்திருந்தது. எல்லோரும் கைபேசியில் படித்தார்கள். மாமனாரும் படித்தார், படித்தார், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வயதாகிவிட்டது, டாக்டரிடம் காட்டலாம் என்றான் மகன், அதாவது அவள் கணவன். பெற்ற அப்பாவை இவ்வளவு சுலபமாகக் கழித்துக்கட்ட மகன்களால்தான் முடியும்.

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் ஆகிறது என்று கேட்டாள்.

"நேத்து மேலே இருந்த வரி இன்னைக்குக் கீழே போயிடுதும்மா. நான் எங்கேன்னு போய்த் தேடுறது?"

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அவள் வேலை பார்ப்பது புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் கடையில். மின்நூலில் நிலையான பக்கம் என்று ஒன்று கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கினால், கைபேசியைச் சாய்த்தால், வரிகளெல்லாம் இடம் மாறிவிடும். இவரோ தபால் நிலையத்தில் காலமெல்லாம் கடிதங்களைப் பிரித்து, ஊருக்கு ஓர் அறையென்று அலமாரியில் போட்டவர். எது எந்த இடத்தில் என்பதுதான் அவருக்கு ஞாபகமே.

கடையில் அந்தக் கோப்பை, பக்கம் நகராத பிடிஎஃப் ஆக மாற்றினாள். மென்பொருள் தந்தது கண்றாவியாக இருந்தது. பாத்திரத்தின் பெயரும் வசனமும் கலந்து, 'கதவருகே போகிறார்' என்பதையும் அப்பாவே பேசுவதுபோல் வந்திருந்தது. முதலாளியின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொரு பக்கமாகச் சரிசெய்தாள். எழுத்தைப் பெரிதாக வைத்து, அச்சடித்து, சுருள் கம்பி கோத்துக் கொடுத்தாள்.

மாமனார் மளமளவென்று பிடித்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, இது இடது பக்கம், இது வலது பக்கம் அடியில் என்று சொல்லிச் சொல்லி ஒப்பித்தார். குக்கர் விசில் கூட அவரை அசைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலையில் இடி விழுந்தது. நாடகாசிரியர் இரண்டாம் காட்சியில் புதிதாக ஒரு பேச்சைச் சேர்த்துவிட்டார். மற்றவர்களுக்குப் புதுக் கோப்பு வந்தது, கதை முடிந்தது. இன்னொரு தடவை அச்சடித்துக் கொடேன் என்றான் கணவன், கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வதுபோல. புதிதாக மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் அத்தனை வரியும் கீழே இறங்கும். மனிதர் மறுபடி அம்போவென்று நிற்பார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கடையில் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்தாள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் வரிகளை நெருக்கினாள், ஓரங்களைக் குறைத்தாள், காட்சிக் குறிப்பை ஒரே வரிக்குள் அடக்கினாள். அடுத்த பக்கம் பழையபடி அதே சொல்லில் தொடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் தாள்களைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். புதுப் பேச்சு பிசிறில்லாமல் வந்தது. கடைசிக் காட்சியில், சண்டை போட்டுக் கிளம்பும் மகனைப் பார்த்து அப்பா பேச வேண்டும்.

"போறதுன்னா போ," என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கம் அங்கேதான் முடிகிறது என்பது அந்தக் கூடத்தில் மருமகளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சாவியை எடுத்துட்டுப் போ," என்றார் மாமனார், குரல் இறங்கி.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மௌனம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, மேடையிலும் அதை அப்படியே செய்யுங்கள், வேடம் உங்களுக்குத்தான் என்றார். பாவம், மருந்துக்கடைக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மருமகள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"மனசுக்குள்ள ஒரு பக்கம் திருப்ப அவ்வளவு நேரமா மாமா? எனக்கு உயிரே போயிடுச்சு."

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு தாள் சேர்ந்து திரும்பிடுச்சும்மா. பிரிச்செடுக்க வேண்டாமா?"