குரல் இறங்கும் இடம்

மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் முதல் இரண்டு வார்த்தை கணீரென்று கேட்கும். அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல் அமுங்கிவிடும். "கேக்குதா, கேக்குதா" என்று கத்தியே அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

புகார் கொடுத்ததும் லைன்மேன் வந்தார். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே சீரான ஒலியை அனுப்பச் சொல்லி, வாசல் பெட்டியில் மீட்டரை மாட்டி அளந்தார். பிறகு கூடத்தில் போன் இருக்கும் இடத்திலும் அளந்தார்.

"வர்ற வழியில சத்தம் எங்கயும் குறையலம்மா. லைன் தங்கமா இருக்கு."

"அப்ப என் காதுலதான் கோளாறா?"

"இருங்க, மணி அடிச்சுப் பாத்துருவோம்."

மணி அடித்தது. எடுத்து எக்ஸ்சேஞ்ச் ஆளிடம் பேசிக்கொண்டே இருந்தவர், மீட்டர் முள் சட்டென்று சரிவதைக் கண்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார். உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம்.

"இதே லைன்ல இன்னொரு போன் இருக்கும்மா. அதையும் எடுத்தா சத்தம் பங்கு போயிரும்."

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அலமாரிக்குப் பின்னால் அது சுவருக்குள் புகுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர். கொத்தனார் ஒயரை எடுக்காமலே பூசிவிட்டிருக்கிறார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அவள் கணவர் காலமான பிறகும் தொடரவில்லை. மகளைத் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தவன் அவன்தான்.

"வெட்டி விட்டுரட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டுக் கேட்டிருக்கிறான்! அப்புறம்தான், தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கல்நெஞ்சக்காரன், பாசமில்லாதவன் என்று மகளிடம் அவனை எத்தனை தடவை திட்டியிருப்பாள்! அத்தனையையும் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமும் எடுத்திருக்கிறான்.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். வழக்கம்போலக் குரல் இறங்கியது.

"என்னம்மா, இன்னும் சரி பண்ணலையா?"

"உன் சித்தப்பா லைன்ல இருக்காருடி. பேசு."

வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். தொண்டையைச் செருமும் சத்தம் போனிலும் சுவர் வழியாகவும் ஒன்றாகக் கேட்டது.

"நல்லாருக்கியா கண்ணு?"

மறுமுனையில் மகள் "சித்தப்பா!" என்று அழ ஆரம்பித்தாள். அம்மா ஓசைப்படாமல் ரிசீவரை வைத்துவிட்டாள். அவர்களாவது தெளிவாகப் பேசிக்கொள்ளட்டும்.

சாயங்காலம் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, அந்த ஒயரு..." என்று இழுத்தான்.

"முதல்ல உள்ள வா" என்றாள் அவள்.