கண்மாய்க்கரையில் ஒரு லைவ்

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயை ஒட்டி நின்ற குன்றை உடைத்துக் கல் எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அந்த ஊர்க்காரன் அழகுபாண்டியும், பசுமலையில் அவனோடு கல்லூரியில் படிக்கும் ஆஷ்லினும் அதை எதிர்த்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். மறுநாள் கிராமசபை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் ஊரில் யாரும் பிடி கொடுக்கவில்லை. பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு ஆஷ்லின் சாயங்காலம் கரையில் நின்று லைவ் போட்டாள்.

தண்ணீருக்குள் குன்று தலைகீழாகக் கிடந்தது. வெயில் இறங்க இறங்க அது மஞ்சளாகி, சிவந்து, மெல்ல அசைந்தது. நீர்க்காகம் ஒன்று அதன் உச்சியைக் கலைத்துக்கொண்டு நீந்திப் போனது. எங்கோ தூக்கத்துக்குள் நிற்பதுபோல இருந்தது ஆஷ்லினுக்கு. ஒரு சொல்லும் வரவில்லை. போனைக் கண்மாய்ப் பக்கம் பிடித்தபடி நின்றாள்.

"பேசு," என்றான் அழகுபாண்டி மெதுவாக.

"மறந்துபோச்சு. பாத்தவங்கல்லாம் போயிருப்பாங்க."

அவன் தன் போனைப் பார்த்தான். "யாரும் போகல. கூடிக்கிட்டே இருக்காங்க."

திருப்பூர், குவைத், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ கமெண்டுகள் மிதந்து ஏறின. 'இங்கதான் நீச்சல் பழகுனேன்.' 'சத்தம் போடாத, கொக்கு பறந்துரும்.' ராஜபாண்டி என்று ஒருவர் எழுதினார்: 'கொஞ்சம் இடதுபக்கம் திருப்பு தங்கச்சி.'

திருப்பினாள். அக்கரையில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

'அது எங்கம்மா,' என்று எழுதினார் ராஜபாண்டி.

"துபாய்ல இருக்காரு அந்த அண்ணே. ஊருக்கு வந்தே எம்புட்டோ வருசமாச்சு," என்றான் அழகுபாண்டி.

திரையில் வெளிச்சம் வற்றும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மறுநாள் கிராமசபையில் உட்கார இடமில்லை. ராஜபாண்டியின் அம்மா அன்னக்கொடி எல்லோருக்கும் முன்னால் வந்து அமர்ந்திருந்தார்.

"ராத்திரி மகன் போன் போட்டான். நீ போயி கையத் தூக்குனாத்தான் எனக்குச் சோறு எறங்கும்னுட்டான்," என்றார்.

பக்கத்தில் இருந்தவளுக்கு, லைவ் பார்த்த தம்பி போன் போட்டிருந்தான். அதற்கடுத்தவளுக்குப் புருஷன். குன்றை உடைக்கக் கூடாது என்ற தீர்மானத்தை வாசித்ததும் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த ஆஷ்லினுக்கு அழுகை வந்தது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனியின் மனு தள்ளுபடியானது. செய்தி வந்தபோது இருவரும் மதுரை பஸ்ஸில் இருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் வந்த வாழ்த்துகளுக்கு நடுவே வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'எங்க ஊர் ஓடையிலயும் சாயத் தண்ணி விடுறாங்க. வருவீங்களா?'

ஜன்னலுக்கு வெளியே நனைந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'வாரோம்,' என்று எழுதினாள் ஆஷ்லின்.